2004 ஃபோர்டு பிக்கப்பில் 1996 கம்மின்ஸ் இன்ஜின்: ஓட்டிப் பார்த்துச் சொல்கிறேன்

மதிப்பெண்ணை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இன்ஜினுக்குப் பத்துக்கு ஒன்பது. அதைக் கொண்டுவந்து உட்கார வைத்த வேலைக்கு ஏழு. வயரிங்குக்கு, முதலில் செய்து கொடுத்தபோது மூன்று, வேறு ஆள் வந்து சரி செய்த பிறகு எட்டு. இன்ஜின் மாற்ற நினைக்கும் நிறைய பேர் இன்ஜினைப் பற்றியே மாதக்கணக்கில் படிக்கிறார்கள், பேசுகிறார்கள், விலை விசாரிக்கிறார்கள். வண்டி உருப்படியாக ஓடுமா ஓடாதா என்பதை முடிவு செய்வது அந்த மூன்றாவது விஷயம்தான். அதனால் இதில் அதைப் பற்றித்தான் அதிகம் எழுதப் போகிறேன்.

வண்டி என் மச்சினனுடையது. டெக்சாஸில், ஆஸ்டினுக்குக் கிழக்கே, ஆடும் கொஞ்சம் மாடும் வைத்துப் பண்ணை நடத்துகிறான். 2004 எஃப்-250, நாலு சக்கரமும் இழுக்கும் மாடல், ஆறு கியர் மேனுவல். வாங்கும்போதே பானட்டுக்குள் ஒன்றும் இல்லை, இன்ஜின் கழற்றி விற்கப்பட்டுவிட்ட வண்டி. சேஸிஸ் துருப்பிடிக்கவில்லை, கேபின் சுத்தமாக இருந்தது, கியர் பாக்ஸும் ஆக்சிலும் நல்ல நிலை. அதற்குள் 1996 டாட்ஜ் பிக்கப்பிலிருந்து கழற்றிய 5.9 லிட்டர் கம்மின்ஸ் டீசல் இன்ஜினைப் போட்டிருக்கிறான். சிலிண்டருக்கு இரண்டு வால்வு, ஆறு சிலிண்டர், அதனால் இங்கே இதை 12 வால்வு என்றே சொல்வார்கள். நான் அந்தப் பண்ணைக்குப் போகும்போதெல்லாம் ஓட்டுவது இந்த வண்டியைத்தான். பட்டறையில் வேலை நடந்தபோதும் பெரும்பாலும் கூடவே நின்றேன்.

"ஏன் மாப்ள, ஃபோர்டுக்கு ஃபோர்டு இன்ஜினையே வாங்கிப் போட்டா வேலை சுலபமா முடியுமே?" என்று கேட்டேன். "அத்தான், அது கம்ப்யூட்டரை நம்பி ஓடுற இன்ஜின். வயல் நடுவுல நின்னுட்டா நானா ஒண்ணும் பார்க்க முடியாது. எனக்கு ஸ்பேனர்ல சரி பண்ற இன்ஜின் வேணும்" என்றான். அவன் தேவை அவ்வளவுதான், அந்தத் தேவைக்கு அவன் எடுத்த முடிவு சரி என்றே நினைக்கிறேன்.

அந்த ஆண்டு எஃப்-250 டீசலில் வந்தது 6.0 லிட்டர் வி8, நேவிஸ்டார் செய்து ஃபோர்டுக்குக் கொடுத்தது, 2003-லிருந்து 2007 வரை. அதன் கதை அமெரிக்காவில் டீசல் வண்டி வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் தெரியும். ஆயில் கூலர் அடைத்துக்கொள்ளும். அது அடைத்தால் இஜிஆர் கூலருக்கு, அதாவது புகையில் ஒரு பகுதியை இன்ஜினுக்குத் திருப்பி அனுப்பும் முன் குளிர வைக்கும் பாகத்துக்கு, போகும் தண்ணீர் குறையும், அந்தக் கூலர் வெடிக்கும். ஒரு சிலிண்டருக்கு நான்கு ஹெட் போல்ட்தான் என்பதால் அழுத்தம் கூடும்போது ஹெட் கேஸ்கெட் போகும். நாசில்களைத் திறந்து மூட 48 வோல்ட் கொடுக்கும் ஒரு தனிப் பெட்டி உண்டு, அது பலவீனமானால் குளிரில் ஸ்டார்ட் ஆகாது. வாரண்டிச் செலவு யார் தலையில் என்று 2007-ல் ஃபோர்டும் நேவிஸ்டாரும் கோர்ட்டுக்கே போய், 2009-ல் சமாதானம் ஆனார்கள். ஆனால் ஒன்றை நியாயமாகச் சொல்ல வேண்டும்: ஹெட் போல்ட்டுக்குப் பதிலாக நல்ல பலமான ஸ்டட் போட்டு, ஆயில் கூலர், இஜிஆர் கூலர் மாற்றி, அந்த மின்பெட்டியையும் சரி செய்த 6.0 நம்பகமாக ஓடுகிறது, அப்படிப் பல வண்டிகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. உங்கள் வண்டியில் அந்த இன்ஜின் உயிரோடு இருந்தால், அதைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கம்மின்ஸ் தேடாதீர்கள், அதையே ஒழுங்காகச் செய்யுங்கள். மச்சினனுக்குக் கிடைத்தது காலி வண்டி, அதனால் கணக்கு வேறு.

இன்னொரு விஷயம், பலர் மறைத்துப் பேசுவது. எண்ணிக்கையில் பார்த்தால் பழைய இன்ஜின்தான் பலம் குறைந்தது. 6.0 கம்பெனியிலிருந்து வரும்போது 325 குதிரைத்திறன், 560 பவுண்டு-அடி டார்க் (சுழற்றும் விசை). 1996 மேனுவல் டாட்ஜில் வந்த 12 வால்வு 215 குதிரைத்திறன், 440 பவுண்டு-அடி. ஆனால் அந்த 440 கிடைப்பது 1600 ஆர்பிஎம்மிலேயே. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், ஓட்டும் பகுதியில் திரும்ப வருகிறேன்.

இன்ஜினைப் பற்றி நம் ஊர்க்காரர்களுக்கு அதிகம் விளக்கத் தேவையில்லை. ஜம்ஷெட்பூரில் 1993-ல் தொடங்கிய டாட்டா கம்மின்ஸ் கூட்டு நிறுவனம் செய்து டாட்டா லாரிகளில் போட்டதும் இதே குடும்பம்தான், 6பிடி. 1613 லாரி பக்கத்தில் நின்று பேசியவர்களுக்கு இந்தச் சத்தம் காதிலேயே இருக்கும். ஆறு சிலிண்டரும் ஒரே வரிசை, பிளாக்கும் ஹெட்டும் வார்ப்பிரும்பு, கேம்ஷாஃப்ட்டைச் சுற்றுவது பல்சக்கரம், பெல்ட்டோ செயினோ கிடையாது. எரிபொருள் கொடுப்பது பாஷ் இன்லைன் பம்ப், பி7100, 1994-லிருந்து 1998 வரை டாட்ஜில் வந்த வகை. டேங்கிலிருந்து டீசல் இழுக்கும் பம்ப்கூட கேம்ஷாஃப்ட்டில் ஓடுவதுதான். ஓட ஆரம்பித்துவிட்டால் இதற்குத் தேவையான மின்சாரம் ஒரே ஒரு இடத்தில்: பம்ப் மேல் இருக்கும் ஷட்-ஆஃப் லீவரைத் தூக்கிப் பிடிக்கும் சோலனாய்டு. அது கெட்டுப்போனால் லீவரைக் கையால் தூக்கிக் கம்பியால் கட்டிவிட்டு வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு வரலாம். கம்பியை அவிழ்த்தால் இன்ஜின் ஆஃப்.

குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். இந்த இன்ஜினை எங்கே வாங்கினாலும், உள்ளே ஏற்றுவதற்கு முன்னால், முன்பக்கக் கவரைக் கழற்றி ஒரு டவல் பின்னைப் பாருங்கள். டைமிங் கியர் பெட்டியைப் பிளாக்கில் சரியான இடத்தில் நிறுத்த வைத்திருக்கும் சிறு இரும்புப் பின், சுண்டு விரலை விடக் குட்டை. வருடக்கணக்கான அதிர்வில் மெதுவாக நழுவி வெளியே வரும், வந்து கியர்களுக்கு நடுவே விழுந்தால் பெட்டியே உடையலாம். மச்சினன் இன்ஜினில் கவரை எடுத்து டார்ச் அடித்தபோது பின் அதன் குழியிலிருந்து வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றது, விரலால் தொட்டால் தட்டுப்பட்டது. மெக்கானிக் அதைத் தட்டி உள்ளே தள்ளி, பக்கத்து போல்ட்டுக்கு அடியில் ஒரு சின்னத் தகடு வைத்து முறுக்கினார், இனி அது வெளியே வர வழியில்லை. தகட்டின் விலை ஒன்றுமே இல்லை, அதை வைக்கக் கழற்ற வேண்டியதுதான் அதிகம். இன்ஜின் தரையில் இருக்கும்போது செய்தால் பாதி வேலை மிச்சம்.

சரி, உட்கார வைத்த வேலைக்கு வருகிறேன். மவுண்ட்டிங், கியர் பாக்ஸுக்கும் இன்ஜினுக்கும் நடுவே வரும் அடாப்டர் தட்டு, ஃப்ளைவீல் எல்லாம் இந்த மாற்றத்துக்கென்றே கிட்டாக விற்கிறார்கள். இந்தப் பகுதி இப்போது நன்றாகப் பழகிய வேலை, சேஸிஸை வெட்டி ஒட்ட வேண்டியதில்லை. எடையும் பெரிய கவலை இல்லை, கம்மின்ஸ் சுமார் 500 கிலோ, வி8 அதைவிடச் சற்றுக் குறைவு, முன்பக்க லீஃப் ஸ்பிரிங் தாங்குகிறது. சிக்கல் நீளத்தில். வி8 குட்டை, அகலம். இது நீளம், உயரம். பின்னால் ஃபயர்வாலுக்கு (இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவே உள்ள தகடு) மிக அருகில் போகிறது, முன்னால் விசிறிக்கும் ரேடியேட்டருக்கும் இடைவெளி குறைகிறது. ஏழு மதிப்பெண்ணோடு நிறுத்தியதற்குக் காரணம் இங்கேதான்: இன்டர்கூலர் குழாய் ஒன்றை பேட்டரி தட்டில் உரசும்படி வளைத்திருந்தார்கள், பின்பக்க டீசல் ரப்பர் ஹோஸைப் பழையதையே விட்டுவிட்டார்கள். இந்த இன்ஜினில் அந்த ஹோஸ்கள் பிளாக்கின் பின்புறம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் போகும். அதில் முடி அளவு வெடிப்பு விழுந்தாலே காற்று இழுக்கும், டீசல் ஒழுகாமலே! காலையில் செல்ஃப் அடித்தால் அடித்துக்கொண்டே இருக்க வேண்டும், அப்புறம் பிடித்தால் நாள் முழுக்க நன்றாக ஓடும். இன்ஜின் வெளியே இருந்தபோது கால் மணி நேர வேலை. உள்ளே போன பிறகு கையை விட்டு மாற்றுவதற்குள் முழங்கையில் தோல் போய்விடும்.

அதோடு சேர்த்து இன்னொன்று. 2006-லிருந்து இங்கே சாலை டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 15 பங்குக்கு மேல் கூடாது. பழைய காலத்து டீசலுக்காகச் செய்த ரப்பர் வளையங்கள் இந்த டீசலில் சுருங்கி ஒழுகும். டீசல் பம்பைச் சரி செய்யக் கொடுக்கும்போதே புது வகை ரப்பர் போட்டுக் கொடுக்கச் சொல்லிவிடுங்கள், பின்னால் தனியாகச் செய்தால் பம்பை மறுபடி இறக்க வேண்டும், டைமிங் மறுபடி வைக்க வேண்டும்.

பிரேக்கை யாரும் யோசிப்பதில்லை. டீசல் எஃப்-250-ல் பிரேக்குக்கு உதவும் அழுத்தம் பவர் ஸ்டீயரிங் பம்பிலிருந்தே வருகிறது, இரண்டுக்கும் ஒரே எண்ணெய், ஒரே பம்ப். இன்ஜின் மாறினால் பம்பும் மாறுகிறது, புது பம்ப் தரும் அழுத்தமும் எண்ணெய் அளவும் ஃபோர்டு கேட்பதற்குப் பொருந்த வேண்டும். முதலில் ஓட்டியபோது, ஐடிலிங்கில் ஸ்டீயரிங்கைத் திருப்பிக்கொண்டே பிரேக்கை மிதித்தால் பெடல் கல்லாக இறுகியது. பின்னால் கால்நடை டிரெய்லரைக் கோத்துக்கொண்டு கேட் வழியாகத் திரும்பும்போது இதுதான் நடக்கும். சரியான பம்ப் மாற்றிய பிறகுதான் நான் அதில் குழந்தைகளை ஏற்ற ஒத்துக்கொண்டேன்.

இப்போது வயரிங். இந்த இன்ஜினுக்கு வயரே வேண்டாம் என்பது உண்மை. ஆனால் 2004 வண்டிக்கு வேண்டும். இந்த மாற்றத்தில் மாட்டிக்கொள்கிறவர்கள் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான். டேஷ்போர்டில் இருக்கும் முள்கள் எல்லாம் இன்ஜினிலிருந்து நேரடியாகச் சேதி வாங்குவதில்லை. வண்டியின் கம்ப்யூட்டர் சொல்வதைக் கேட்டு ஆடுகின்றன. அந்தக் கம்ப்யூட்டரோ கிராங்க் சென்சார், கேம் சென்சார், நாசில் பெட்டி எல்லாம் எங்கே என்று தேடிக்கொண்டே இருக்கிறது. ஒன்றும் கிடைக்காததால் எச்சரிக்கை விளக்குகளை எல்லாம் ஏற்றி வைக்கிறது. முதலில் செய்த ஆள், இன்ஜின் பக்கம் போகும் வயர்க் கட்டையே ஒட்டுமொத்தமாக வெட்டிவிட்டு, சாவியிலிருந்து சோலனாய்டுக்கு ஒரு வயர், செல்ஃபுக்கு ஒரு வயர் கொடுத்துவிட்டு, வண்டி ஸ்டார்ட் ஆகிறது பாருங்கள் என்று பில் போட்டுவிட்டார். ஸ்டார்ட் ஆனது. ஆர்பிஎம் முள் செத்துக் கிடந்தது, வெப்ப முள் கீழேயே இருந்தது, சார்ஜ் விளக்கு அணையவே இல்லை. ஏசி போட்டால் காற்று முகத்துக்கு வராமல் கண்ணாடிக்கு மட்டும் அடித்தது, ஆகஸ்ட் மாத டெக்சாஸில். காரணம் சின்னது: ஏசி கதவுகளைத் திருப்புவது வேக்கூம், அதைத் தரும் குட்டி மோட்டாருக்குப் போன வயரும் அந்த வெட்டில் போய்விட்டது. வேக்கூம் இல்லையென்றால் கதவு தானாகவே கண்ணாடிப் பக்கம் திரும்பி நின்றுவிடும். இதைக் கண்டுபிடிக்க ஒரு முழு நாள் போனது.

இரண்டாவது வந்தவர் வேலை தெரிந்தவர். வெட்டிய ஒவ்வொரு வயரையும் வரைபடம் வைத்து எது எதற்கு என்று பார்த்து, தேவைப்பட்டதை மட்டும் சேர்த்து, ஃபோர்டு கம்ப்யூட்டரை அப்படியே வைத்துக்கொண்டு அது கேட்கும் முக்கியமான சில சிக்னல்களை மட்டும் கொடுத்தார். ஆர்பிஎம்முக்குச் சிக்னலை மாற்றித் தரும் ஒரு பெட்டி வைத்தார், வெப்பத்துக்கு ஃபோர்டு சென்சாரையே கம்மின்ஸ் ஹெட்டில் துளை பார்த்துப் பொருத்தினார். ஸ்பீடோமீட்டர் மட்டும் எப்போதும் வேலை செய்தது, ஏனென்றால் அது பின் ஆக்சிலில் இருக்கும் சென்சாரை நம்பியது. ஆயில் பிரஷருக்குத் தனி மீட்டர் வைக்கச் சொன்னேன், வைத்தார். ஃபோர்டு டேஷ்போர்டில் இருக்கும் அந்த ஆயில் முள் உண்மையான அழுத்தத்தைக் காட்டுவதில்லை, ஒரு சுவிட்ச் ஆன் என்றால் நடுவில் நிற்கும், ஆஃப் என்றால் விழும், அவ்வளவுதான். விலை உயர்ந்த இன்ஜினை அதை நம்பி ஓட்டக் கூடாது. டர்போவுக்கு முன்னால் புகை வெப்பம் காட்டும் மீட்டரும் கட்டாயம் வையுங்கள்.

ஓட்டுவது எப்படி இருக்கிறது? சாவியைத் திருப்பினால் இரண்டு சுற்றிலேயே பிடிக்கிறது. குளிர் காலையில் மட்டும் டேஷ்போர்டில் வைத்திருக்கும் கறுப்புப் பொத்தானைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடிக்க வேண்டும், அது உள்ளே போகும் காற்றைச் சூடாக்கும் ஹீட்டர். அழுத்தியதும் வோல்ட் முள் மளமளவென்று இறங்கும், விட்டதும் ஏறும். பிடித்தவுடன் பக்கக் கண்ணாடி அதிர ஆரம்பிக்கும், பின்னால் வருவது ஆடா ஆளா என்று அதில் தெரியாது. ஆயிரம் ஆர்பிஎம் தாண்டினால் அதிர்வு அடங்குகிறது. சத்தம் அடங்காது. கேபினில் பக்கத்தில் இருப்பவரோடு பேசக் குரலை உயர்த்த வேண்டும். இது எனக்குப் பிடித்திருக்கிறது, என் மனைவிக்குப் பிடிக்கவில்லை, இரண்டையும் எழுதிவிடுகிறேன்.

இழுவை, அதற்குத்தான் இந்த மாற்றமே. அந்தப் பக்கத்து மண் நம்ம கோவில்பட்டிக் கரிசல் மாதிரியே, மழை பெய்தால் சக்கரத்தைச் சுற்றி அப்பிக்கொள்ளும், காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும். அந்தச் சேற்றில், பின்னால் டிரெய்லரில் வைக்கோல் உருளைகள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய அரை டன். முதல் கியரில் கிளட்ச்சை விட்டுவிட்டு ஆக்சிலேட்டரைத் தொடாமலே இருந்தால் வண்டி நடந்து போகிறது. மேட்டில் ஆர்பிஎம் விழுந்தாலும் இன்ஜின் திணறுவதில்லை, இன்னும் கொஞ்சம் கறுப்புப் புகை விட்டுவிட்டு நிற்காமல் ஏறுகிறது. முன்னால் சொன்ன 1600 ஆர்பிஎம் கணக்கு இதுதான். அதிகக் குதிரைத்திறன் வேகமாகப் போகிறவர்களுக்கு. மெதுவாக, கனமாக, நாள் முழுக்க இழுக்க இது போதும், இன்னும் கேட்டாலும் தரும்.

வேகமாகப் போகிறவர்களுக்கு இது வேண்டாம். 2700 ஆர்பிஎம்முக்கு மேல் இதில் ஒன்றும் இல்லை. ஆக்சிலின் பல்சக்கர விகிதம் 3.73, ஆறாவது கியர் விகிதம் 0.72, சாதாரண டயர் என்று கணக்குப் போட்டால் மணிக்கு 70 மைலில் 2000 ஆர்பிஎம் வருகிறது, அது நல்ல இடம். 4.10 ஆக்சில் உள்ள வண்டியென்றால் 2200 ஆகும், இன்னும் ஓடும், ஆனால் காதுக்குக் கஷ்டம். வண்டி தேடும்போது ஆக்சில் எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

செலவு. பம்ப், டர்போவோடு இன்ஜின் நாலாயிரத்து ஐந்நூறு டாலர் பக்கம். கிட், கிளட்ச், ரேடியேட்டர், குழாய்கள், மீட்டர்கள், கூலி எல்லாம் சேர்த்தால் இன்ஜினைப் போல இரண்டு மடங்குக்கு மேல் போய்விட்டது. வயரிங்குக்கு இரண்டு முறை கொடுத்ததும் இதில் அடக்கம். இன்ஜின் விலையை மட்டும் பார்த்து ஆரம்பித்தவர்களின் வண்டிகள்தான் பாதி வேலையோடு விற்பனைக்கு வருகின்றன, விளம்பரங்களைப் பார்த்தால் தெரியும்.

சட்டத்தைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். அமெரிக்க மத்திய சுற்றுச்சூழல் அமைப்பின் விதிப்படி, வண்டியின் ஆண்டைவிடப் பழைய இன்ஜினைப் போட்டுச் சாலையில் ஓட்டுவது புகைக் கட்டுப்பாட்டைக் கெடுத்ததாகவே கணக்கு. புதிய இன்ஜினைப் பழைய வண்டியில், அதன் கருவிகள் எல்லாவற்றோடும் போடலாம். பழையதைப் புதியதில் போடக் கூடாது. டெக்சாஸில் டீசல் வண்டிக்குப் புகைச் சோதனை கிடையாது, தனியார் வண்டிகளுக்கு வருடாந்திரப் பாதுகாப்புச் சோதனையும் 2025-லிருந்து இல்லை, அதனால் யாரும் கேட்பதில்லை என்று பலர் ஓட்டுகிறார்கள். சோதனை இல்லையென்றாலும் விதி இருக்கிறது. கலிஃபோர்னியாவில் 1998-லும் அதற்குப் பிறகும் வந்த டீசல் பிக்கப்புக்குச் சோதனையும் உண்டு, அங்கே பானட்டைத் திறந்தவுடனே தெரிந்துவிடும். மச்சினன் நம்பர் பிளேட்டை எடுத்துவிட்டான், வண்டி பண்ணை வேலியைத் தாண்டுவதில்லை. சாலையில் ஓட்ட இதே இன்ஜின் வேண்டுமென்றால், 1998 அல்லது அதற்கு முந்தைய ஃபோர்டாகப் பார்த்து, அதற்கு ஈடான ஆண்டு அல்லது புதிய 12 வால்வைப் போடுங்கள், அதையும் உங்கள் மாநில விதியைப் பார்த்துவிட்டு. அந்தக் காலத்து வண்டியில் வயரிங்கும் குறைவு, மேலே சொன்ன தலைவலியில் பாதி குறையும்.

ஆட்டோமேட்டிக் எஃப்-250-ல் இதைச் செய்யலாமா என்று இரண்டு மூன்று பேர் கேட்டார்கள். செய்யலாம். ஆனால் அந்த ஐந்து கியர் ஆட்டோ பாக்ஸ் எப்போது கியர் மாற்றுவது என்று இன்ஜின் கம்ப்யூட்டரைக் கேட்டுத்தான் முடிவெடுக்கிறது, அதற்குத் தனிக் கண்ட்ரோலர் வாங்க வேண்டும், ஆக்சிலேட்டர் எவ்வளவு மிதிக்கிறோம் என்று சொல்ல பம்ப் லீவரில் ஒரு சென்சார் வைக்க வேண்டும், அப்புறம் அதை இந்த இன்ஜினின் குறைந்த ஆர்பிஎம்முக்கு ஏற்றபடி உட்கார்ந்து டியூன் செய்ய வேண்டும். மேனுவல் வண்டி கிடைக்கும்வரை காத்திருங்கள் என்பேன். கிடைத்தால், பணத்தை முதலில் வயரிங் தெரிந்த ஆளுக்கு ஒதுக்கி வையுங்கள், அவர் கையில் நேரம் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு அப்புறம் இன்ஜின் தேடுங்கள்.